பின்சந்து வழியே வந்த மின்சாரம்

கம்பத்தின் மேல் ஏறியிருந்தவர் கம்பி வெட்டும் குறட்டை ஒரு தடவை அழுத்தினார். அறுந்த கம்பி எங்கள் வாசல் செம்பருத்தியின் மேல் விழுந்து, பூக்களை உதிர்த்துக்கொண்டு தரைக்கு வந்தது.

கீழே நின்ற இன்னொருவர் அதை வளையமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். "சுடா பொத்தோங், மிஸ்ஸி," என்றார் என்னிடம். வெட்டியாயிற்று என்று அர்த்தம். மருத்துவச்சியை இங்கே எல்லாரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியவர், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழிஞ்சுது. இனிமே மண்ணெண்ணெய்தான்," என்றார். "எதுக்கு இந்த வேலை உனக்கு? இன்னும் ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. அப்புறம் கப்பல் ஏறப்போறோம்."

"ஏறுறப்ப ஏறலாம். இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி விழும்," என்றேன்.

முன்சுவரை இடிக்க வந்த ஆட்கள் கடப்பாரையோடு என் முகத்தைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன். முதல் அடியிலேயே சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே மரச்சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கறையான் மண்தான் இருந்தது. அந்த ஈர மண் வாசனை வீடு முழுக்கப் பரவியது.

விளக்கு ஏன் வேண்டும்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டுக் கிளேபாங்கிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார்: "தோட்டத்து ஆஸ்பத்திரியில் நல்ல வேலை, குடியிருக்க வீடு, எல்லாம் இருந்தும் ஏன் அம்மா டவுனுக்கு வந்தீர்கள்?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். விளக்குக்காக வந்தேன்.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் நான் பயிற்சிப் பெண்ணாக இருந்த காலம். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் ஒரு பிரசவம். மூத்த மருத்துவச்சி பிரசவம் பார்த்தார், நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தோம். பாயெல்லாம் ஈரம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் தண்ணீரும் ரத்தமும் ஒரே நிறம். பெற்றவளின் கை சில்லிட்ட பிறகுதான் அது தண்ணீர் இல்லை என்று தெரிந்தது.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எழுத மனம் வரவில்லை.

பிறகு மலாக்கா பெரியாஸ்பத்திரியில் முறையாகப் படித்து மிட்வைஃப் ஆனேன். தலைக்கு மேலே பெரிய விளக்கு போட்ட பிரசவ அறையை அங்கேதான் முதலில் பார்த்தேன். எதையும் தேட வேண்டியதில்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. இப்படி ஓர் அறையை நானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். ஆஸ்பத்திரி என்றால் பயந்து வீட்டிலேயே பெற்றுக்கொள்ளும் பெண்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அவர்கள் நடந்து வரும் தூரத்தில் ஓர் அறை. அவ்வளவுதான் என் ஆசை.

காஜா பெராங்கில் அந்தப் பழைய வீட்டை வாங்கியதற்கும் அதுதான் காரணம். யுத்தத்துக்கு முன்பே கரண்டு இழுத்த வீடு அது. முன்னறைச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் கறுப்பு மீட்டர், பீங்கான் பியூஸ், துணி சுற்றிய வயர். அதை முதன்முதலில் பார்த்தபோது, நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவளைப் போல நின்றேன். கறையான் உள்ளே இருந்ததை அப்போது பார்க்கவில்லை.

அவர் பக்கம்

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவள் ஆவேன்.

பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர்க் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை அவருக்கு. மன்னார்குடிப் பக்கத்துக்காரர். இளவயதில் வந்தவர், வந்த நாளிலிருந்தே திரும்பிப் போகிறவர். அங்கே தம்பி இருந்தார், பங்கில் ஒரு வயல் இருந்தது. நான் இங்கேயே பிறந்தவள். எனக்கு இந்தியா என்பது அவர் பேச்சில் வரும் ஓர் ஊர்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெங்கும் பேச்சாக இருந்த சமயம் அது. பாடாங் மைதானத்தில் கூட்டம் கூடியது. கடைகளில் கொடித்துணி தொங்கியது. வெள்ளைக்காரன் போனபின் நம் ஆட்களின் கதி என்ன என்று கிடங்கில் தினமும் விவாதம். நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில்கூடச் சிலர் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அதைப் பார்க்கப் பார்க்க இவருக்கும் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"போறவன் வீட்டுக்கு வெள்ளையடிப்பானா?" என்பார்.

"நான் எங்கயும் போகலையே. கமலா இப்பத்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கா," என்பேன்.

சண்டை இதைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் தினமும் நடந்தது.

கம்பி போகும் வழி

முன்சுவரை இடிக்க வேண்டும் என்றானதும், மீட்டரையும் நகர்த்த வேண்டியதாயிற்று. இதை அப்படியே விட்டுவிட்டுச் சுவர் கட்டிய பிறகு பழைய இடத்திலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் வயர்மேன் ஆ லெங் சிரித்தார். அவர் சீனர். ஓயாமல் பேசுவார், சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வரமாட்டார், ஆனால் வந்தால் வேலை நிற்காது.

அவர் விளக்கியது இதுதான். நான் போட்டிருந்த பிளானில் முன்பக்கம் பிரசவ அறை. அதற்குத் தாழ்வான தகரக் கூரை. கம்பி அதில் உரசும், மின்சார ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது. ஒரு பக்கம் பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிற்கிறது, அங்கே இடமில்லை. மிச்சம் இருப்பது இடதுபக்கச் சுவர். அங்கே மீட்டர் வைத்தால், ரோட்டுக் கம்பத்திலிருந்து வரும் கம்பி அடுத்த வீட்டு வேலிக்குள், அவர்கள் வளவின் மூலையைத் தாண்டித்தான் வர வேண்டும். அதற்கு அந்த வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்.

அடுத்த வீடு லெட்சுமியுடையது.

காக்கா லெட்சுமி

லெட்சுமியை நான் 'காக்கா' என்று கூப்பிடுவேன். மலாயில் அக்கா என்று அர்த்தம். புதிதாகக் கேட்ட என் மகள் கமலா வானத்தைப் பார்த்தாள்.

அவர் மலாக்காச் செட்டி. நாட்டுக்கோட்டையாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றிய இந்துக்கள் இவர்கள். மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டுவார்கள். வாசலில் மாவிலை தொங்கும், நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மட்டும் மலாய். 'சாமி', 'பொங்கல்' என்று சில தமிழ்ச் சொற்கள் நடுவில் தலைகாட்டும். முதல் நாள் நான் தமிழில் பேச, அவர் மலாயில் பதில் சொல்ல, கடைசியில் இருவருமே கையால் பேசிச் சிரித்தோம். பிறகு என் மலாய் தேறியது அவரிடம்தான்.

அவருடைய கணவருக்குத் துறைமுகத்துப் படகில் வேலை, வீட்டில் தங்குவது குறைவு. மகள் தேவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வாரம் ஒரு தடவை நான் போய் வயிறு பார்த்துவிட்டு வருவேன்.

ரோட்டில் கரண்டு கம்பி போகிறது. ஆனால் லெட்சுமி வீட்டில் சிம்னி விளக்குதான். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். சம்மதம் கேட்கப் போன அன்றுதான் விஷயம் தெரிந்தது.

நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"காக்கா, உங்க வளவு மூலைக்கு மேலே ஒரு கம்பி போகும். உயரத்துல போகும். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

அவர் சம்பாலுக்கு மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார். உலக்கை நின்றது.

"கம்பியா? என் வீட்டு மேலயா?"

"வீட்டு மேல இல்ல. அந்த மூலையில, கோழிக்கூண்டு இருக்கே, அங்கே."

"தாக் போலே, மிஸ்ஸி." முடியாது என்பதை அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "என் தம்பி போனது கம்பியாலதான். யுத்தம் முடிஞ்ச வருஷம், பெரிய காத்து அடிச்சுத் தென்னந்தோப்புல அறுந்து கிடந்துச்சு. கொடிக்கயிறுன்னு நினைச்சு எடுத்தான். நான்தான் முதல்ல போய்ப் பார்த்தேன்."

மிளகாய்க் காரம் கண்ணில் ஏறியது. அதைச் சாக்காக வைத்து இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

"கோபப்படாத, மிஸ்ஸி," என்று வாசல்வரை வந்தார். "வேற எது வேணும்னாலும் கேளு."

கேட்கக் கூடாதது

இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அவ பொண்ணு உன் கையிலதானே இருக்கா? சொல்லிப் பாரு. கம்பி போகட்டும், இல்லாட்டி நான் பிரசவம் பார்க்க மாட்டேன்னு."

"கம்பி வேற, வயிறு வேற."

"அப்ப வீட்டை அப்படியே வித்துடு. இது சாமியாப் பார்த்துக் காட்டுற வழி."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த யோசனையைச் சொன்னபோதே அவருக்கு அது பிடிக்கவில்லை என்று குரலில் தெரிந்தது. ஆனால் போய்விட வேண்டும் என்ற நினைப்பு ஆளைப் பிடித்துக்கொண்டால், நம் வீட்டில் ஒரு ஓடு உடைந்தாலும் அது சகுனமாகத்தான் தெரியும்.

அந்த வாரமும் தேவியைப் பார்க்கப் போனேன். லெட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பிப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாகக் கேட்டது. அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, இடிந்த முன்னறையில் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்தேன். முன்பக்கம் வழியில்லை, பக்கத்தில் வழியில்லை. எழுந்து வீட்டின் ஊடே நடந்து அடுப்படியைத் தாண்டிப் பின்வளவுக்கு வந்தேன். வேலிக்கு அப்பால் சந்து. சந்தின் அந்தக் கோடியில் ஒரு கரண்டுக் கம்பம் நின்றது. எத்தனையோ நாள் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

தலைகீழாக ஒரு பிளான்

ஆ லெங் வந்து தலையைச் சொறிந்தார். "தூரம் அதிகம், மிஸ்ஸி. நடுவுல ஒரு கம்பம் வேணும். உங்க வளவுலயே நட்டுக்கணும். அப்புறம் மீட்டர் அடுப்படிச் சுவர்ல வரும். உங்க அறை முன்னால இருக்கே?"

"அறையும் பின்னால வரட்டும்."

"வீட்டையே திருப்பிட்டீங்களே!"

உண்மைதான். ஆனால் யோசிக்க யோசிக்க நன்றாகவே இருந்தது. அடுப்படி பக்கத்தில் என்றால் வெந்நீருக்கு ஓட வேண்டாம். வலி எடுத்து வருகிற பெண் ரோட்டில் எல்லார் கண்ணிலும் படாமல் சந்து வழியாக வந்துவிடலாம். முன்னறையில் சாதாரணச் சுவராகக் கட்டச் சொல்லிவிட்டேன். பின்பக்கத்துச் சாமான் அறையை இடித்துப் பெரிதாக்கினோம். கட்டில் நுழைகிற அளவுக்குக் கதவு, உயரத்தில் ஜன்னல்.

கம்பத்துக்குச் செங்கால் மரம் வாங்கினேன். கறையான் பல் படாத மரம் என்று மரக்கடைக்காரர் சத்தியம் செய்தார். கறையான் விஷயத்தில் நான் யார் சத்தியத்தையும் நம்பும் நிலையில் இல்லை. அடிப்பாகத்துக்குத் தார் பூசவைத்தேன்.

குழி தோண்டுவதில்தான் வந்தது வினை. இடுப்பளவு ஆழம் வேண்டும் என்றார் ஆ லெங். கூலிக்கு வந்தவர்கள் முழங்கால் ஆழத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கீழே பழைய கிணற்றுக் கட்டு, செங்கலும் சுண்ணாம்பும் பாறையாக இறுகியிருந்தது. மூடிய கிணற்றைத் தோண்டினால் ஆகாது என்று ஒருவர் சொல்ல, மற்றவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இடத்தை மாற்றலாம் என்றால், அந்தப் பக்கம் தள்ளினால் கம்பி லெட்சுமி வளவுக்குள் போகும். இந்தப் பக்கம் தள்ளினால் எங்கள் கூரையில் இடிக்கும். அதே இடத்தில்தான் தோண்டியாக வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே கடப்பாரையை எடுத்தேன். தாய்மார்களைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பும் வரைக்கும் தோண்டினேன். ஒரு செங்கல் பெயர்ந்தது. அதற்கடுத்த நாளும் தோண்டினேன். உள்ளங்கை கொப்புளித்தது. பிரசவம் பார்க்கிற கை, புண்ணாகக் கூடாது. துணி சுற்றிக்கொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் லெட்சுமி கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டே பார்த்தார். சற்று நேரத்தில் ஒரு மங்குக் குவளையில் கட்டிச் சாயா வேலிக்கு மேலாக வந்தது.

அதற்கும் அடுத்த நாள். கடப்பாரையை ஓங்கியபோது பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்தது. என் வீட்டுக்காரர். பனியன், கைலி.

"எட்டிப் போ."

"வேலைக்கு நேரமாகலையா?"

"எட்டிப் போன்னு சொல்றேன்ல."

விவசாயக் குடும்பத்துப் பிள்ளை என்று அவர் சொல்லிக்கொள்வதை அதுவரை பாதிதான் நம்பியிருந்தேன். கடப்பாரையை அவர் இறக்கிய விதத்தில் மீதியையும் நம்பினேன். கல்லோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஓரத்து மண்ணைப் பறித்து, கல்லைத் தனியாக்கி, நெம்பினார். செங்கல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கயே இருந்துடுவேன்னு நினைச்சுக்காத. உன் கை புண்ணாயிடுச்சுன்னுதான்."

"சரிங்க," என்றேன்.

யார் பெயரில்?

வயரிங் முடிந்து, மின்சார ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, தலையில் தொப்பி, கையில் தோல் பிடி போட்ட ஒரு பெட்டி. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றி, ஊசி ஓடுவதைப் பார்ப்பார். வயரில் கசிவு இருந்தால் அதில் தெரியுமாம்.

சுற்றினார். ஊசி அவருக்குப் பிடித்த இடத்தில் நிற்கவில்லை.

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தாலை வயர் கொண்டுவந்திருக்கிறியள். சுவர் முழுக்க ஈரம். இது சரிவராது."

ஆ லெங் வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "மாத்திடறோம் ஐயா. எங்கே கொண்டுபோகணும்னு காட்டுங்க." அவர் காட்டிய இடத்தில் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டேன். ஆ லெங் முனகிக்கொண்டே முழுவதையும் பிரித்து மறுபடி போட்டார். தொட்டியை நான் வளவுக்கு மாற்றினேன்.

அடுத்த தடவை ஊசி ஒழுங்காக நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துகொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"மீட்டர் ஆற்றை பேரிலை போடுறது? உங்கட பேர்தானே?"

இவர் கையைப் பிசைந்தார். "நான் ஊருக்குப் போறவன் ஐயா."

"எப்ப போறியள்?"

அவர் அடுப்பை எட்டிப் பார்த்தார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"என் பேர்ல போடுங்க," என்றேன். "செல்லம்மா. தொழில் மிட்வைஃப். இங்கேதான் இருப்பேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். என் வீட்டுக்காரர் கை கழுவப் போய்விட்டார். தொட்டி இருந்த இடத்தில் அது இல்லாததைப் பார்த்துவிட்டு வளவுக்கு நடந்தார்.

கம்பி இழுக்க ஆட்கள் வந்து, மீட்டர் உள்ளே தட்டு சுழலத் தொடங்கியபோது உச்சி வெயில். அந்த வெயிலில் பல்பு எரிவது பெரிதாகத் தெரியவில்லை. நான் கட்டில் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஜன்னலை எல்லாம் சாத்தி, நடுவில் நின்று பார்த்தேன். துணியின் நூலிழை தெரிந்தது. என் உள்ளங்கையில் ஆறிவந்த கொப்புளத்தின் விளிம்பு தெரிந்தது. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதேன். பிறகு எழுந்து கார்பாலிக் சோப்புப் போட்டுத் தரையைக் கழுவினேன்.

மழையில் நின்றவர்

தேவிக்கு வலி எடுத்த நாள், மத்தியானத்திலேயே வானம் இருண்டுவிட்டது. லெட்சுமி வீட்டு அறையில் ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் இருட்டு. சிம்னி விளக்கு காற்றுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம், நேரம் இழுத்தது. எனக்குத் தோட்டத்து லயம் நினைவுக்கு வந்தது. ஆனால் நானாக ஒன்றும் சொல்லவில்லை.

தேவியே சொன்னாள். "அம்மா, மிஸ்ஸி வீட்டுக்குப் போறேன். அங்கே வெளிச்சமா இருக்கும்."

லெட்சுமி வெளியே மழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளின் தலையில் துண்டைப் போட்டார். நானும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சந்து வழியாக நடத்தி வந்தோம்.

எங்கள் வேலிப் படலுக்கு முன்னால், சந்தின் குறுக்கே கம்பி போகிற இடம். காற்றில் அது ஆடியது. லெட்சுமியின் கை மகளின் கையிலிருந்து நழுவியதை உணர்ந்தேன். திரும்பிப் பார்க்க நேரமில்லை. தேவியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெளியே நடந்ததை எனக்கு லெட்சுமிதான் பின்னால் சொன்னார். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மழையால் கிடங்கை முன்னதாகவே மூட, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்து வழியாக வந்திருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் லெட்சுமி நனைந்து நிற்கிறார். உள்ளேயிருந்து மகளின் சத்தம். ஓர் அடி வைக்கிறார், மேலே பார்க்கிறார், பின்வாங்குகிறார்.

இவருக்கு மலாய் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். பிறகு வளவுக்குள் நிற்கும் கம்பத்தைக் காட்டி, "சாயா காலி. தாக் ஜாத்தோ," என்றாராம்.

நான் தோண்டினேன். விழாது என்று அர்த்தம்.

உள்ளே தேவி "அம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். லெட்சுமி அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கம்பிக்குக் கீழே ஓடி வந்திருக்கிறார். அறைக்குள் நுழைந்தபோது அவர் சாரோங்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. எதுவும் கேட்காமல் மகளின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

பிறந்தது ஆண்பிள்ளை. நன்றாக அழுதது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று லெட்சுமி சாமி பெயரைச் சொல்லத் தொடங்கிய நேரம், விரிப்பின் நடுவில் பளிச்சென்று ஒரு சிவப்பு படர்வதைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தேன். ரத்தம் நிற்க ஊசி மருந்தைக் குத்தினேன். கையை எடுக்கவேயில்லை. கருப்பை என் கைக்குக் கீழே மெல்லக் கெட்டிப்பட்டது, சிவப்பு படருவது நின்றது.

பல்பு ஒரு தடவை மங்கி மறுபடி எரிந்தது. மழை விடும்வரை எரிந்துகொண்டே இருந்தது.

லெட்சுமி வீட்டில் பிறகும் வெகுகாலம் சிம்னி விளக்குதான். நான் வற்புறுத்தவில்லை. மருமகன் கரண்டு இழுத்ததெல்லாம் அந்தப் பேரன் பள்ளிக்கூடம் போன பிறகு. ஆனால் அன்றிலிருந்து லெட்சுமி எங்கள் வீட்டுக்கு வருவது பின்சந்து வழியாகத்தான். நிமிர்ந்து பார்க்காமல், கொஞ்சம் வேகமாக, கம்பியைத் தாண்டி வருவார். தன் உறவுப் பெண்களையும் அப்படியே அழைத்து வந்தார்.

வெள்ளைச் சட்டை

மெர்டேக்கா வந்தது. பாடாங்குக் கூட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. அன்றைக்கு எனக்கு இரண்டு தாய்மார்கள் இருந்தார்கள்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று ஊரில் வரிசை கட்டி நின்ற காலம். நான் முன்பே பதிந்திருந்தேன். அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டிருந்தேன். அவர் சாயங்காலங்களில் வேலி ஓரம் நின்று லெட்சுமியோடு மலாய் பேசிப் பார்ப்பார். பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளைச் சட்டை எங்க?"

"எங்கே கிளம்பிட்டீங்க? இன்னைக்குக் கிடங்கு லீவாச்சே."

"பதியப் போறேன்."

"என்ன பதிய?"

"பேரு."

சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கமாகவே போனார். நான் ஒரு தாயைப் பார்க்கும் சாக்கில் உள்ளேயே இருந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றிக்கொண்டு, பிசைந்து, ஒரு கவளம் வாயில் வைத்த பிறகுதான் பேசினார்.

"பின்படிக்கட்டுல ஒரு விளக்கு போடணும். வர்ற பொம்பளைங்களுக்குப் படி தெரியல. வயித்துப் பாரத்தோட தடுக்கி விழுந்தா என்ன ஆகும்?"

"போட்டுடலாம்ங்க," என்றேன்.

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆ லெங்குக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.